கரையில் ஒரு கடிகாரம்

1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பினார். அந்தக் கோடையில் காரைக்காலில் எங்கள் தெருப் பையன்கள் அரசலாற்றில் பந்தயம் வைத்தார்கள். எனக்கு நீந்தத் தெரியாது, ஆகவே நடுவர். கையில் அப்பாவின் கடிகாரம். மீனவர் குப்பத்துப் பிள்ளைகளையும் அழைத்தோம் (ஆறு என்னவோ அவர்களுடையது).

ஓதம் ஏறும் நேரம். முகத்துவாரத்திலிருந்து நீர் மேற்கே தள்ளிற்று. எங்கள் பையன்கள் எதிர்க்கரைக்கு நேராக நீந்தித் திணறினார்கள். குப்பத்துப் பையன் ஒருவன் கிழக்கே குறிவைத்து, இழுப்போடு சாய்ந்தே கரை சேர்ந்தான். அவனுக்கும் முன்னால், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் தங்கை.

'பொண்ணு கணக்கில்லை' என்றேன். எவர்சில்வர் டம்ளர் அண்ணனுக்குப் போயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

அவன் எடுத்துக்கொண்ட நேரம் மறந்துவிட்டது. அவளுடையது 4 நிமிஷம்.