பேசப் பயிலும் சிகிச்சையாளர்கள்



பருவ வயதுப் பிள்ளையொன்று இரவெல்லாம் கண் துஞ்சாது உற்சாகப் பெருக்கில் உலவுவதையும், சில வாரங்களில் அதே பிள்ளை பாயைவிட்டு எழாமல் சுருண்டு கிடப்பதையும் கண்ட தாய்மார்கள் உங்களுள் இருக்கக்கூடும். இருமுனை மனநோய் என்பர் மருத்துவர். மருந்து இன்றியமையாதது; ஆயினும், மருந்தை விழுங்கிய பிள்ளையிடம் என்ன பேசுவது? இந்தக் கேள்வியே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுகளை என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

அங்கே டீனா கோல்ட்ஸ்டீன் குழுவினர் 2007இல் 10 பிள்ளைகளைக் கொண்ட சிறு ஆய்வொன்றை வெளியிட்டனர். 2023இல் வெளியான ஆய்விலோ 12 முதல் 18 வயதுவரையிலான 100 பேர். ஒரு சாராருக்கு வழக்கமான உளவியல் சிகிச்சை. மறுசாராருக்கு மார்ஷா லினஹன் வகுத்த ‘டி.பி.டி.’ என்னும் நடத்தைச் சிகிச்சை. மனச்சோர்வு இரு சாராருக்கும் ஒன்றுபோலவே தணிந்தது. தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதிலோ டி.பி.டி. முந்தி நின்றது.

இதனை அளிப்பவர் நூலை மட்டும் படித்துவிட்டு வந்து அமர இயலாது. பயிற்சியில் ஒருவர் சீறும் பிள்ளையாக நடிக்க, மற்றவர் மறுமொழி சொல்லிப் பழகுவார். “உன் வேதனை மெய்யானது” என்பதையும், “நீ மாறத்தான் வேண்டும்” என்பதையும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்த்துச் சொல்ல வேண்டும். எளிதென்று எண்ணிவிடாதீர்கள்! எங்கள் உறவினர் வீட்டுப் பெண்பிள்ளை இந்நோயால் வாடியபோது, முதலாவதைச் சொன்னவர்கள் அவளோடு சேர்ந்து அழுதார்கள். இரண்டாவதைச் சொன்னவர்கள் அதட்டினார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னவரை நான் காணவில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. இச்சிகிச்சையாளர்கள் வாரந்தோறும் கூடி, தங்கள் அச்சத்தையும் சலிப்பையும் தமக்குள் பேசித் தெளிகிறார்கள். பிள்ளையின் உயிருக்கு அஞ்சி நடுங்குபவர் உபதேசத்தில் இறங்கிவிடுவார் அல்லவா? தேற்றுகிறவரைத் தேற்றவும் ஓர் அவை! நம் மருத்துவமனைகளில் இதற்கு நேரம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நேரம் ஒதுக்காத இடத்தில் இச்சிகிச்சையின் பெயரை மட்டும் பலகையில் எழுதிப் பயனில்லை.

பிட்ஸ்பர்க்கில் ஒரு சந்திப்பு பிள்ளையோடு தனியே, மற்றொன்று குடும்பத்தோடு. உணர்ச்சி பொங்கும்போது குளிர்ந்த நீரில் முகம் நனைப்பது, உறக்க வேளையைக் காப்பது, மருந்தைத் தவறவிடாதிருப்பது ஆகியவற்றைத் தாயும் தந்தையும் பிள்ளையின் அருகில் அமர்ந்தே கற்கிறார்கள். வீட்டுப்பாடம் பெற்றோருக்கும் உண்டு.