கீறல்

வாப்பா பதுளையில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்தவர். பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், திருவிழா எதுவானாலும் லயத்து முற்றத்தில் அவருடைய பெட்டிதான் பாடும். கசற் வந்து தொழில் ஓய்ந்தபின், இசைத்தட்டுகள் வீட்டில் கிடந்தன.

சின்ன வயதில் ஒருநாள், சுழலும் தட்டில் விரலை வைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். பாடகரின் குரல் விக்கித் திரும்பியது. எனக்குச் சிரிப்பு. வாப்பாவின் கை கன்னத்தில் விழுந்தது. "சோறு போட்டதுடா இது!" அந்த அதிர்ச்சியில் ஊசி குறுக்கே இழுபட்டுக் கீறல் விழுந்தது. அவர் மௌத்தாகும்வரை அந்த இடத்தில் பாட்டு துள்ளும். இருவரும் பேசாதிருப்போம்.

சென்ற வருடம் தோட்டத்துப் பிள்ளையொருவன் கைபேசியை நீட்டினான். ஹெர்பி ஹான்கொக் 1983இல் வெளியிட்ட 'ரொக்கிட்'.

"சேர், இது பழுதான ரெக்கோட்டா?"

இல்லை என்றேன். 1975 அளவில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், தியோடர் என்ற சிறுவனைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தாய் ஏசினாராம். தட்டைக் கையால் பிடித்தபடி கேட்டுநின்றான். கை அசைந்ததில் பிறந்த ஒலியைப் பழகிப் பழகி இசையாக்கினான். ஒரு கை தட்டை இழுக்கும். மறுகை ஒலியைத் திறந்து மூடும். தட்டுக்கடியில் வழுக்கும் துணி இருப்பதால் மேடை சுழன்றுகொண்டேயிருக்கும்.

அவனுக்கு ஏச்சு, எனக்கு அடி. அவன் மறுபடி தட்டில் கைவைத்தான். நான் வைக்கவில்லை. வாப்பாவைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

வகுப்பில் மேசையில் தாளம் போடும் அந்தப் பிள்ளையை இப்போது எழும்பி நிற்கச் சொல்வதில்லை.