கிரேஸ் மார்க் எவ்வளவு?

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்ததும் கடைப்பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். பிள்ளைகள் போடும் கணக்கு மட்டும் இருபுறமும் ஒன்றுதான். "மக்களே, என்ன படிக்கப் போற?" என்று பிளஸ் டூ முடித்தவனைக் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் என்பான். கூடவே அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்கும் படிக்கப் போவதாகச் சொல்வான். "ஐ.டி.ல இன்னைக்கு வேலை இருக்கும், நாளைக்கு மெயில் வந்திரும் மாமா."

பெரியவர்கள் இதை ஊக்கக்குறைவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே பாலராமபுரத்தில் சாலியர் தெரு இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட நெசவாளர்களின் தெரு அது. அவர்களுடைய கைத்தறித் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. குழித்தறியில் உட்காரத்தான் இளையவர்கள் குறைந்துபோனார்கள். பிறகு கல்ஃப் கனவு. 1990இல் குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்ததும், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு ஊர் திரும்பிய மலையாளிகள் ஏராளம். கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் தொடங்கியதும் அதே 1990இல்தான். தறியும் கல்ஃபும் கைவிட்டதைப் பார்த்த ஊர்ப் பிள்ளை ஒரே சம்பளத்தை நம்ப மறுப்பது புத்திசாலித்தனம். அவனைத் திட்டாதீர்கள்.

என் வருத்தம் வேறு. கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்பிக்கிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே ஐ.சி.டி. பாடநூல் உண்டு. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் சேர, எட்டாம் வகுப்பில் ஒரு திறனறித் தேர்வு எழுதவேண்டும். சேர்ந்தால் அனிமேஷன், புரோகிராமிங், எலக்ட்ரானிக்ஸ் என்று பலதும் செய்து பார்க்கலாம். ஸ்கிராச் மென்பொருளில் பூனையை ஓடவிட்ட பிள்ளை, சுவரில் முட்டியும் அது ஏன் திரும்பவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வராது. அந்தப் பிடிவாதத்தை எந்தக் கோச்சிங் சென்டரிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

வீட்டில் நாம் கேட்பதோ, "இதுக்கு கிரேஸ் மார்க் எவ்வளவு?" இரண்டு வருடம் கழித்து, "பிளேஸ்மென்ட் உண்டா?" இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் பூனை மறந்துபோகிறது. பிளஸ் டூ முடிக்கையில், கம்ப்யூட்டர் அவனுக்குப் பி.எஸ்.சி.க்குப் பக்கத்தில் எழுதிவைத்த இன்னொரு விண்ணப்பம், அவ்வளவுதான்.

எட்டிலோ ஒன்பதிலோ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், இன்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து, செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். கிரேஸ் மார்க்கை அடுத்த வாரம் விசாரித்துக்கொள்ளலாம்.