வாயிலும் வழியும்

வாயில் என்பது கண்டு வியப்பதற்கா, நுழைந்து செல்வதற்கா? ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் புதுக்கி அமைக்கும் குழுவில் உறுப்பினராக அமர்ந்தபோது இவ்வினா எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. தமிழ்ப் பக்கங்களில் பிழை திருத்துவதே என் பணி என்று எண்ணியிருந்தேன்.

முதற் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. முகப்பில் கட்டடத்தின் படம் வேண்டும் என்றார் ஒருவர். துணைவேந்தரின் செய்தி வேண்டும் என்றார் மற்றொருவர். ஒவ்வொரு துறையும் முன்வரிசையில் இடம் கேட்டது. நானும் முத்தமிழ் விழாப் புகைப்படத்திற்கு இடம் கேட்டுப் பெற்றேன். அங்கு வருவோர் எதைத் தேடி வருகின்றனர் என எவரும் வினவவில்லை.

அன்று மாலை, பார்வையற்ற என் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் நேற்றோடு முடிந்துவிட்டதாமே?” என்றார். “தளத்தில் அறிவிப்பு வந்திருந்ததே, தம்பி!” என்றேன். “வந்திருந்தது ஐயா. ஆனால் அதைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். என் கணிப்பொறி எழுத்தைத்தான் வாசிக்கும். படத்தைக் கண்டால் ஊமையாகிவிடும்.” தண்டத் தொகையைச் செலுத்த அவர் கடன் வாங்க நேர்ந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பின்னரே இத்துறை பற்றிப் படிக்கலானேன். 1989இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை முன்மொழிந்ததன் நோக்கம் அறிஞர்கள் தகவலை எளிதில் பகிர்ந்துகொள்வதே, அலங்காரம் அன்று. 1999இல் வெளிவந்த உலகளாவிய வலை அணுகல் நெறிகளின் முதல் விதியே, படத்திற்கு ஈடான எழுத்து வேண்டும் என்பதுதான். 2010இல் ராண்டல் மன்ரோ என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் இரு வட்டங்கள் வரைந்தார். ஒன்று, பல்கலைக்கழக முகப்பில் இருப்பவை. மற்றொன்று, மக்கள் அங்குத் தேடுபவை. இரண்டிற்கும் பொதுவாக அமைந்தது ஒன்றே: நிறுவனத்தின் முழுப்பெயர்! சிரித்தேன்; பின்னர் நாணினேன். அந்த முதல் வட்டத்துள் என் விழாப் படமும் இருந்ததன்றோ?

இரண்டாம் கூட்டத்தில் அப்படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அலுவலகச் சாளரத்தில் மாணவர் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் குறித்து வைப்போம். மிகுதியாகக் கேட்கப்படுவனவற்றை முகப்பில் வைப்போம் என்றேன். அறிவிப்புகளை ஒருங்குறி எழுத்தில் தட்டச்சு செய்தே வெளியிட வேண்டும். சிற்றூரில் கைப்பேசி வழியே பார்ப்பவருக்கும் விரைந்து திறக்கும்படி பக்கங்கள் எளியனவாக வேண்டும். முகவரிகள் மாறினால் பழைய முகவரியில் வருவோரைப் புதிய இடத்திற்குத் தாமாகவே கொண்டு சேர்க்க வேண்டும் என்றும் வேண்டினேன். “அழகு குறைந்துவிடுமே!” என்றனர் சிலர். எல்லாம் ஏற்கப்படவில்லை. கட்டடத்தின் படம் நின்றது. ஆயினும் அதன் கீழே தேர்வு, கட்டணம், முடிவுகள் என்னும் மூன்றும் இடம்பெற்றன.

மாதிரித் தளம் உருவானதும் அம்மாணவரைக் குழுவின்முன் அமரச் செய்தோம். விசைகளை மெல்லத் தட்டிச் சென்றார். சற்று நேரத்தில் கணிப்பொறி கடைசி நாளைத் தமிழில் உரக்க வாசித்தது. அவையில் ஒருவரும் பேசவில்லை.

“இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஐயா” என்றார் அவர். அவர் செலுத்திய தண்டத்தை எங்களால் திருப்பித் தர இயலவில்லை. ஆனால், வாயிலின் சிறப்பு அதன் வேலைப்பாட்டில் இல்லை, வந்தவர் உள்ளே சென்று சேர்வதில் இருக்கிறது என்பதை அவரே எங்களுக்குக் கற்பித்தார்.