கீரிமலைத் தீர்த்தமும் ஐயாவின் கிணறும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து மாவிட்டபுரத்தை அடைவர். அங்கே கந்தசுவாமி கோயிலைத் தொழுது மேற்கே திரும்பிச் சென்றால், சிறிது நேரத்தில் உப்புக் காற்று முகத்தில் வந்து மோதும். அதுவே கீரிமலை. பெயரில் மலை உண்டேயன்றி நிலத்தில் மலை இல்லை. கடலைப் பார்த்து நிற்கும் கற்பாறைக் கரை மட்டுமே உண்டு. மலையைக் கண்டறியாத குடாநாட்டு மக்களாகிய எமக்கு அதுவே மலையாயிற்றுப் போலும்!

சென்ற ஆடி அமாவாசையன்று என் மகனையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தேன். தந்தையை இழந்தோர் தீர்த்தமாடி, எள்ளும் நீரும் இறைத்துப் பிதிர்க்கடன் தீர்க்கும் நாள் அது. மாவிட்டபுரத்துக் கந்தன் தீர்த்தமாட அங்கு எழுந்தருளுவதும் அன்றுதான். சிறுவயதில் நானும் என் ஐயாவுடன் இவ்வாறு சென்றதுண்டு. அவர் தம் தந்தையாருக்காக நீராடுவார். நான் கரையில் அமர்ந்து அவருடைய சால்வையைக் காவல் காப்பேன்.

கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இவ்வூற்றில் நீராடி முகம் மாறப் பெற்றார் என்பதும், குதிரைமுகத்துச் சோழ இளவரசி இங்கு நலம் பெற்றாள் என்பதும் வாசகர்கள் அறிந்த கதைகளே. ஐயாவுக்கு இக்கதைகளைக் காட்டிலும் ஊற்று எங்கிருந்து வருகிறது என்பதிலேயே நாட்டம் அதிகம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை நிலத்துள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து, கல் முடியும் கடலோரத்தில் ஊற்றாகப் புறப்படுகிறது. “எங்கட கிணத்துக்கும் கேணிக்கும் ஒரே தண்ணிதான், தம்பி” என்பார் ஐயா. அவர் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் இவ்விடயத்தில் அவர் சொன்னதில் பிழையில்லை.

காங்கேசன்துறைப் பக்கத்துச் செம்மண்ணில் எமக்கு ஆறு பரப்புக் காணி இருந்தது. அதில் வெங்காயமும் புகையிலையும் செய்தே ஐயா எங்களை வளர்த்தார். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, உடுத்த உடையோடு வெளியேறினோம். காணி பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுக்கொண்டது. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று அம்மா கோழிகளைத் திறந்துவிட்டு வந்தார். அந்த இரண்டு கிழமை இருபத்தாறு ஆண்டுகளாயிற்று.

ஏழாலையில் குத்தகைக்கு நிலம் எடுத்தார் ஐயா. பிறர் கிணற்றில் நீர் இறைக்க முறை காத்திருந்து, பெரும்பாலும் இரவிலேயே பாத்தி கட்டினார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில், எமது சைக்கிளின் கைபிடியில் விதை வெங்காயப் பிடிகள் இரண்டு தொங்கின. “இஞ்சாருங்கோ, அரிசிச் சாக்கை விட்டிட்டு உதையோ கொண்டு வாறியள்?” என்று அம்மா மழையில் நனைந்தபடி அழுதார். ஐயா மறுமொழி கூறவில்லை. நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடிவைத்து நகர்ந்தோம். தென்மராட்சியில் ஒரு மாதம் கழிவதற்குள் அந்த விதை வெங்காயம் கறிக்கு அரியப்பட்டது. அன்று ஐயா வீட்டுக்குள் இருக்கவில்லை. வெளியே ஒரு மரத்தடியில் போய் அமர்ந்திருந்தார்.

மறு ஆண்டு மீண்டும் ஏழாலைக்கு வந்தோம்; மீண்டும் குத்தகை நிலமே. நான் பல்கலைக்கழகத்துக்குச் சென்றதும் அந்நிலத்து வருவாயிலேதான். விடுமுறைக்கு வந்த ஒரு நாள், அவர் வழமைபோலக் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கவே, “அந்தக் காணியை மறந்துபோங்கோ ஐயா, அது இனிக் கிடையாது” என்று சினந்து கூறிவிட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன்பின் பல ஆண்டுகள் என் முன்னிலையில் கிணற்றைப் பற்றி அவர் பேசியதில்லை. என் மகன் பிறந்து பேசத் தொடங்கிய பின்னரே அப்பேச்சு வீட்டுக்குள் மீண்டது. பேரனை மடியில் இருத்தி, படலையிலிருந்து கிணறு வரை எத்தனை அடி என்று எண்ணிக் காட்டுவார். நான் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

2016இல் காணி விடுவிக்கப்பட்டது. வீடு இல்லை; சீமெந்து நிலம் மட்டும் பற்றைக்குள் கிடந்தது. படலை இருந்த இடத்தை ஐயா காலால் தட்டிக் கண்டுபிடித்து, “இருபத்தெட்டு அடி நட, ராசா” என்றார். ஆறு வயதுச் சிறுவனின் அடி எவ்வளவு? அவன் எண்ணி முடித்துப் பாதி வழியில் நின்றுவிட்டான். அப்பப்பாவே எஞ்சிய தூரத்தை நடந்து சென்று, ஊன்றுகோலால் கொடியை விலக்கினார். கிணற்றில் பாதிக்குமேல் கல் நிரம்பியிருந்தது.

நான்கு நாட்கள் ஆட்கள் இறங்கிக் கல்லும் சேறும் எடுத்தனர். நீர் தெளிந்ததும் முதல் வாளியில் கை நனைத்துக் குடித்துவிட்டு, “உவரில்லைத் தம்பி, குடிச்சுப் பார்” என்று என்னிடம் நீட்டினார். அன்று நான் கூறிய சொல்லுக்காக மன்னிப்புக் கேட்க அதனிலும் நல்ல தருணம் வாய்த்திராது. நான் நீரைக் குடித்தேன், நல்ல தண்ணீர்தான் என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. அதன்பின் மூன்று போகம் வெங்காயம் நட்டார். பேரன் பாத்திக்குத் தண்ணீர் மாறினான். 2019இல் ஐயா காலமானார்.

சென்ற ஆடியிலும் கேணியடியில் கூட்டம் மிகுதி. நான் தர்ப்பணம் செய்து மூழ்கி எழும்வரை என் மகன் கரையிலிருந்து என் சால்வையைக் காத்திருந்தான். நான் ஏறி வந்தபோது, கேணி நீரை உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் உவர் இருக்கப்பா. அப்பப்பான்ர கிணத்துத் தண்ணிதான் நல்லம்” என்றான்.

வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியும் விரதச் சோறும் காத்திருந்தன. காகத்துக்கு வைக்கவும் நேரமாகிக்கொண்டிருந்தது. ஆயினும் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிய பின்னரே வீடு திரும்பினோம்.