சுருட்டி எடுக்கும் வேலி

பயிர் செய்யத் தொடங்கிய நாள் முதலே மனிதன் வேலி கட்டவும் தொடங்கினான். தமிழில் வேலி என்னும் சொல் பயிரைக் காக்கும் அடைப்பை மட்டும் குறிப்பதன்று. தஞ்சைப் பகுதியில் அது நில அளவையின் பெயரும் ஆகும். 20 மா நிலம் சேர்ந்தது ஒரு வேலி. 'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர்.

அந்தந்த நிலத்தில் எது எளிதாகக் கிடைக்கிறதோ அதுவே அங்கு வேலியாகும். கடற்கரை ஊர்களில் பனைமட்டையை வரிசையாக நிறுத்திக் கட்டுவர். ஆற்றங்கரை ஊர்களில் மூங்கிலும் முள்ளும் பயன்படும். காங்கேயம் பகுதியில் கிளுவையே வேலி. மழைக்காலத்தில் கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக நட்டால் அவை வேர் விட்டுத் தழைத்து, முள் அடர்ந்து, ஆடுமாடு புகாத உயிர்வேலியாகிவிடும். கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இவ்வேலியை இன்றும் காணலாம். நட்டவர் காலத்திற்குப் பின்னும் அது நிற்கும்.

ஆனால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறுகிற குடும்பம் எந்த வேலியைக் கட்டும்? கிளுவை அடர்ந்து வளருமுன் மாறுதல் ஆணை வந்துவிடுமே! காங்கேயத்தை அடுத்த சிற்றூரிலிருந்து சத்தீசுகரின் பிலாசுப்பூருக்குச் சென்ற ஒரு குடும்பத்திற்கும் இக்கேள்வி எழுந்தது.

பிலாசுப்பூர், தென்கிழக்கு மத்திய ரயில்வேயின் தலைமையிடம். மகன் அங்கே ரயில்வே ஊழியர். பாட்டி மறைந்த பிறகு ஊரில் தனித்திருந்த தந்தையையும் அவர் தம்முடன் அழைத்துச் சென்றார். பேத்தி அவரைக் கொங்கு வழக்கப்படி 'அப்பாரு' என்று அழைப்பாள். அப்பாருவுக்கு இந்தி தெரியாது. பேத்தி பள்ளிக்குச் சென்றபின் பேச்சுத்துணையும் இல்லை. எனவே, குடியிருப்பின் பின்புறம் கிடந்த நிலத்தைக் கொத்திக் கத்தரியும் தக்காளியும் வெண்டையும் நட்டார். வீட்டை ஒட்டிய காய்கறித் தோட்டத்தை அவ்வூரார் 'பாரி' என்பர். மாலைதோறும் நீர் ஊற்றுவது பேத்தியின் வேலை.

கார்த்திகை மாதத்து ஒரு காலையில் பார்த்தபோது கத்தரிச் செடிகள் யாவும் தண்டு மட்டுமாய் நின்றன. மேய்ந்தது பால்காரரின் பசு. அவ்வீட்டுக்கு நாள்தோறும் பால் ஊற்றுபவரும் அவரே. பேத்தி அழுதாள். அவளுடைய தந்தை சினந்து, "நாளை முதல் பால் வேண்டாம்" என்று கூறிவிட்டார்.

பால்காரர் தரப்பிலும் நியாயம் இருந்தது. சத்தீசுகர்ச் சிற்றூர்களில் 'ரோகா சேகா' என்றொரு பழைய கட்டுப்பாடு உண்டு. மழைக்கால விதைப்பு தொடங்கியதும் மாடுகளைத் திரிய விடுவதில்லை என ஊரே கூடி முடிவு செய்யும். நெல் அறுவடையான பிறகு மாடுகள் அவிழ்த்து விடப்படும். வயல்களில் தாள் மேயும். குடியிருப்புகளில் குளிர்காலக் காய்கறி செழிப்பதும் அதே பருவத்தில்தான். மாடு திரிவது அங்கு வழக்கம். வேலியில்லாத் தோட்டம்தான் புதிது.

"முள்கம்பி வாங்கி அடித்துவிடுவோம்" என்றார் மகன். அப்பாரு இசையவில்லை. "வேண்டாஞ் சாமி. வாயில்லாச் சீவன், தோலு கிழிஞ்சு போயிரும். மாட்டுக்கு வழி இல்லேன்னு தெரிஞ்சாப் போதும், காயம் பட வேண்டியதில்லே" என்றார். காங்கேயம் மாடுகளோடு வளர்ந்தவர் அவர்.

வீட்டின் முகப்பில் சில மரப்பெட்டிகள் கிடந்தன. முந்தைய ஊரிலிருந்து பாத்திரங்களும் புத்தகங்களும் அவற்றில்தான் வந்து இறங்கின. விறகுக்கு என ஒதுக்கியிருந்த அப்பெட்டிகளை அப்பாரு பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளை மூன்று அங்குல அகலமும் நான்கடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் கொண்ட சட்டங்களாக அறுத்தார். மழைநீர் தங்காமல் வழியும்படி ஒவ்வொன்றின் தலையையும் கூராகச் சீவினார். அடைக்க வேண்டிய பக்கத்தின் நீளம் 24 அடி. சட்டத்துக்கு மூன்று அங்குலம், இடைவெளிக்கு மூன்று அங்குலம் எனக் கணக்கிட்டு, 48 சட்டங்கள் வேண்டும் என்று பேத்தி கூறினாள்.

விலைக்கு வாங்கியவை இரண்டே பொருள்கள்: மரக்கடையிலிருந்து ஆறடி நீளமுள்ள ஐந்து சால் மரக்கால்கள், துத்தநாகப் பூச்சுள்ள கம்பி 120 அடி. சால் எளிதில் கறையானுக்கு இரையாகாது. ஆயினும், மண்ணில் புதையும் பகுதிக்கு அப்பாரு தார் பூசினார். ஆறடிக்கு ஒன்றாக, இரண்டடி ஆழக் குழி தோண்டினார். அடியில் சரளைக்கல் இட்டு, காலை நிறுத்தி, மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கடப்பாரையின் அடிப்புறத்தால் இடித்து இறுக்கினார். "மண்ண ஒரேடியாத் தள்ளி மூடுனா மேல மட்டுந்தான் இறுகும் கண்ணு" என்றார். கம்பியின் இழுப்பு முழுவதும் இரு முனைகளில் உள்ள கால்கள்மேல் விழும். ஆகவே, அவ்விரண்டுக்கும் உட்புறத்தில் சாய்வாக முட்டுக்கால் கொடுத்தார்.

அடுத்து, சட்டங்களைக் கம்பியில் கோக்க வேண்டும். இதற்கு ஆணி தேவையில்லை. மெல்லிய பலகையில் ஆணி அடித்தால் பிளக்கும், நாளடைவில் துருவும் பிடிக்கும். மேலே ஓர் இணை, கீழே ஓர் இணை என நான்கு கம்பிகளின் முனைகளைக் கொய்யா மரத்தில் கட்டித் தரையில் நீட்டினார். ஒவ்வோர் இணையின் இரு கம்பிகளுக்கு நடுவே சட்டத்தைச் செருகி, கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மும்முறை முறுக்கி, அடுத்த சட்டத்தைச் செருக வேண்டும். ஓர் இடைவெளியில் வலப்புறமாக முறுக்கினால் அடுத்ததில் இடப்புறமாக முறுக்க வேண்டும். இல்லையேல் கம்பியின் எஞ்சிய பகுதி முழுவதும் ஒரே பக்கமாகத் திருகிச் சிக்காகிவிடும்.

இது ஒருவர் கையால் ஆகும் வேலையன்று. மறுமுனையில் ஒருவர் கம்பிகளை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். மகன் பணிக்குச் சென்றிருந்தார். பேத்தியின் கைகளுக்கு அந்த வலிமை போதவில்லை. அவ்வழியே பாற்குடத்துடன் சென்ற பால்காரர் சற்று நேரம் நின்று பார்த்தார். பின்னர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கம்பிகளைப் பற்றிக்கொண்டார். அப்பாரு நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார்; முறுக்கத் தொடங்கினார்.

முதல் பத்துச் சட்டங்கள் வரை இருவருக்கும் இடையே பேச்சில்லை. பிறகு பால்காரர் ஏதோ கேட்டார். "உங்கள் ஊரிலும் மாடு உண்டா என்று கேட்கிறார், அப்பாரு" எனப் பேத்தி மொழிபெயர்த்தாள். அவ்வளவுதான்! காங்கேயம் காளையின் திமிலையும் கொம்பையும் அப்பாரு கைகளால் காற்றில் வரைந்து காட்டினார். அவர் தமிழில் பேச, பால்காரர் சத்தீசுகரி மொழியில் விடை கூற, பேத்திக்கு ஓய்வே இல்லாமற் போயிற்று. மாலைக்குள் 48 சட்டங்களும் கோத்தாயின. முடிந்த வேலியைப் பாயைப் போலச் சுருட்டித் தூக்கிச் சென்று, கால்களின் நெடுகிலும் விரித்து, கட்டுக்கம்பியால் பிணைத்தனர். ஈரமும் கறையானும் அண்டாதிருக்கச் சட்டங்களின் அடி, தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது. மறுநாள் காலை அவ்வீட்டுக்குப் பால் வந்தது. தந்தையும் மறுக்கவில்லை.

பசுவும் வந்தது. சட்டங்களில் உடம்பைச் சாய்த்து உரசிப் பார்த்தது. ஒரு சட்டத்தை அது தள்ளினால் கம்பி அந்த விசையைப் பக்கத்துச் சட்டங்களுக்கும் கால்களுக்கும் பகிர்ந்தளித்தது. வேலி சற்று வளைந்து மீண்டும் நிமிர்ந்தது. சிறிது நேரத்தில் பசு தன் வழியே சென்றது. அதன் தோலில் ஒரு கீறலும் இல்லை.

இரண்டு மழைக்காலங்களை அவ்வேலி கண்டது. உளுத்துப்போன சட்டங்களை மட்டும் மேல்நோக்கி உருவிவிட்டுப் புதியவற்றைச் செருகினர். மூன்றாம் ஆண்டு மாறுதல் ஆணை வந்தது, இம்முறை நாகபுரிக்கு. "கட்டுக்கம்பியை அவிழ்த்தால் போதும் அப்பாரு, வேலியைச் சுருட்டி எடுத்துக்கொள்ளலாம்" என்றாள் பேத்தி. அதற்குக் குறட்டையும் கையில் எடுத்துவிட்டாள். தோட்டத்தில் அப்போது தக்காளி பூத்திருந்தது. பழுக்க இன்னும் நாளாகும். அப்பாரு சற்று நேரம் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயிரு இங்க இருக்குது. வேலிய மட்டும் கொண்டுபோயி நாம என்னத்தக் காக்கறது?" என்றார். பேத்தி குறட்டைக் கீழே வைத்தாள். அடுத்துக் குடிவருவோர் வரும்வரை செடிகளுக்கு நீர் ஊற்றப் பால்காரர் ஒப்புக்கொண்டார்.

நாகபுரியில் சாமான்கள் வந்து இறங்கின. பாத்திரங்களை எடுத்து அடுக்கிய தாய், காலியான மரப்பெட்டிகளை விறகுக்கு ஒதுக்கினார். பேத்தி ஓடிச் சென்று தடுத்தாள். வீட்டின் பின்புற நிலத்தை அவள் முன்னரே அடியால் அளந்து வைத்திருந்தாள்.

"30 அடி, அப்பாரு. 60 சட்டம் வேண்டும்" என்றாள்.