மூன்றாம் பெயர்

கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு ரயில்வேயின் தலைமைக் காரியாலயத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றுகிறோம். மாலையில் வேலை முடிந்ததும் கங்கைக்கரைப் பக்கம் சிறிது நேரம் உலாவிவிட்டு வருவது எம் வழக்கம். அக்கரையில் சூரிநாம் காட் என்றொரு படித்துறை உண்டு. அங்கே ஓர் ஆணும் பெண்ணுமாக நிற்கும் சிலையொன்றை 2015-ஆம் ஆண்டில் நிறுவினர். 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 26 அன்று கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘லல்லா ரூக்’ என்னும் கப்பல், ஜூன் 5 அன்று தென்னமெரிக்காவிலுள்ள சூரிநாமை அடைந்தது. 1916 வரையில் அவ்வாறு சென்றோர் 34,000 பேருக்கும் அதிகம். அவர்கள் நினைவாக நிற்பதே அச்சிலை. இஃது இந்தி பேசும் மக்களின் கதை, நமக்கென்ன என்று எண்ணிப் பல ஆண்டுகள் கடந்து சென்றோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, சிலையின் அடியில் முதிய மாது ஒருவர் கையில் ஒரு தாளுடன் கண் கலங்கி அமர்ந்திருந்தார். சூரிநாமிலிருந்து வந்தவர். அவர் பேசிய பழைய போஜ்புரியும், கல்கத்தா தெருக்களில் யாம் கற்ற இந்தியும் ஒருவாறு ஒத்துக்கொண்டன. அவருடைய பாட்டனாரின் குடியேற்றப் பதிவே அத்தாள். பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, கிராமம் யாவும் அதில் கண்டிருந்தன. எல்லாம் சொல்லி முடித்தபின், “மகனே, உன் வீட்டிலிருந்து ஒருவரும் கடல் கடந்ததில்லையா?” என்று கேட்டார்.

அக்கேள்வி எம்மைச் சுட்டது. எம் பாட்டனாரின் பாட்டனார், வட ஆற்காடு ஜில்லாவில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு, நேட்டாலுக்குக் கப்பலேறியவர். அதன்பின் ஒரு கடிதமும் இல்லை. அங்கே வேறு குடும்பம் கண்டு எங்களை மறந்தார் என்பதே எம் வீட்டார் முடிவு. அந்த அம்மையார் மட்டும் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லையாம். மகாளய அமாவாசையில் எம் தந்தையார் எள்ளும் நீரும் இறைக்கும்போது தம் தந்தையின் பெயரைச் சொல்வார். பாட்டனாரின் பெயரைச் சொல்வார். மூன்றாம் பெயர் வரும் இடத்தில் வாய் மூடிக்கொள்வார். அந்த மௌனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் யாம்.

அம்மாது தமக்கு உதவியவர்களுள் ஒருவரான டர்பன் நகரத் தமிழாசிரியர் ஒருவரின் விலாசத்தைக் கொடுத்துச் சென்றார். அவர் ஓய்வு பெற்றவர். நேட்டாலுக்கு நம்மவரை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் ‘ட்ரூரோ’. சென்னையிலிருந்து சென்று 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரையில் சென்றவர்கள் சுமார் 1,52,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் உண்டென்றும், அவற்றை ஆராய்வோர் ஒருவருக்கொருவர் உதவி வருகின்றனர் என்றும் ஆசிரியர் எழுதினார்.

எம்மிடம் இருந்ததோ பழைய நிலப்பத்திரம் ஒன்றில் கண்ட அவர் பெயரும், அவர் தந்தை பெயரும், ஊர்ப்பெயருமே. ஊருக்கு நால்வர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் அது! முதல் மாதத்திலேயே அப்பெயருடையவர் ஒருவர், எம் தாலுகாவினர், பட்டியலில் அகப்பட்டார். மகிழ்ச்சி மிகுதியால் அன்றிரவே தந்தையாருக்குச் சொல்லிவிட்டோம். மறுநாள் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது: “பெயர் ஒத்தால் உறவாகிவிடாது, தம்பி. தந்தை பெயர் வேறாக இருக்கிறதே, பார்த்தீர்களா?” தலை குனிந்தோம். தந்தையாரிடம் மீண்டும் பேசுவது எளிதாக இல்லை.

சோர்ந்திருந்த எமக்கு ஆசிரியர் அயர்லாந்துக்காரர் கதையைச் சொன்னார். 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் வந்தபோது, பத்து லட்சம் பேருக்கு மேல் அந்நாட்டை விட்டு வெளியேறினர். 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையாகி, முந்திய நூற்றாண்டின் குடிக்கணக்குகளுள் பல சாம்பலாயின. ஆயினும் அவர்களின் சந்ததியார் ஓயவில்லை. எஞ்சிய 1901, 1911 ஆண்டுக் கணக்குகளையும், ஞானஸ்நானப் பதிவேடுகளையும், கல்லறை எழுத்துகளையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் படியெடுத்து, முகமறியாதவர்க்கும் கொடுத்து உதவுகின்றனர். “எரியாத ஏட்டை வைத்துக்கொண்டு நாம் சோர்வதா?” என்றார் ஆசிரியர்.

ஆண்டொன்று கழிந்தது. முடிவில் வழி காட்டியவர் சென்னையில் படிக்கும் ஒரு மாணவி. எம் ஊர்ப்பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா ‘எல்’ என்றும் எழுதியிருக்கலாம், ‘ஒய்’ என்றும் எழுதியிருக்கலாம் என்று அவர் யோசனை கூறினார். ‘ஒய்’ போட்டுத் தேடியதில், 1902-ஆம் ஆண்டுக் கப்பலொன்றில் அகப்பட்டார் அவர். தந்தை பெயர் ஒத்தது, ஊர் ஒத்தது, வயது இருபத்திரண்டு, அதுவும் ஒத்தது. யாமும் பெயர்ப்பட்டியல் எழுதிப் பிழைப்பவர்தாம். ஓர் எழுத்து பிசகினால் ஒரு மனிதன் நூறாண்டுக்கு மேல் தொலைந்துபோவான் என்பதை அன்றே அறிந்தோம். இப்பொழுதெல்லாம் காரியாலயத்தில் ஒரு பெயரை எழுதுமுன் இருமுறை கேட்டுக்கொள்கிறோம்.

நிற்க. மரணப் பதிவையும் ஆசிரியரே தேடி அனுப்பினார். கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம் பாதியும் முடியுமுன், 1904-ஆம் ஆண்டிலேயே எம் முன்னோர் இறந்துபோயிருக்கிறார். மறந்தவரல்லர், இறந்தவர்! கூலிக் கணக்குக்காக எழுதிய ஏடு, நான்கு தலைமுறையாக நாங்கள் சுமத்திய பழியைத் துடைத்தது.

செய்தியைக் கேட்ட தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவருடைய பிள்ளை, என் பாட்டனார், அப்பன் மேல் கோபத்தோடேயே கண்ணை மூடினாரே” என்றார். அவ்வாண்டு மகாளய அமாவாசைக்குக் கல்கத்தா வந்து, கார்டன் ரீச் கரையில் கங்கையில் இறங்கி நின்று, மூன்றாம் பெயரை வாய்விட்டுச் சொன்னார்.

சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கப்பலேறியவர் கதை நம்முள் பல குடும்பங்களில் இருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே பெயர், தந்தை பெயர், ஊர், தாலுகா ஆகிய நான்கையும் கேட்டு எழுதி வையுங்கள். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற ஏடுகள் உள்ளன. மொரீஷியசுக்குச் சென்றவர் பதிவுகள் அந்நாட்டு மகாத்மா காந்தி நிலையத்தில் உள்ளன. தேடத் தெரியாதவர்கள் எம்மிடம் வரலாம். முகமறியா மூவர் எமக்குச் செய்த உதவிக்கு வேறு எவ்வகையிலும் கைம்மாறு செய்ய இயலாது.